உடற்பருமன் அறுவையும் உணவு நெறியும்

மருந்து என்னும் அதிகாரத்தை இயற்றப் புகுந்த திருவள்ளுவர், அதன்கண் மூலிகையொன்றன் பெயரையேனும் கூறாது, உண்ணும் அளவினையும் உண்ணும் காலத்தினையுமே பெரும்பாலும் எடுத்தோதியிருத்தலை நாம் இளமையிலேயே கற்றிருக்கின்றோம். உணவே முதன்மையான மருந்து என்னும் கொள்கை நம்மவர்க்குப் புதியதன்று. ஆயினும், உணவைப்பற்றிப் பிறர்க்கு அறிவுரை வழங்குவதில் நம்மிடத்துக் காணப்படும் தாராளம், அவ்வறிவுரையை ஆராய்ந்து ஏற்பதிற் காணப்படவில்லை. நல்ல உடல்நிலை வாய்ந்தார்க்கு இதனால் நேரும் கேடு பெரும்பாலும் சிறிதே. அவர்தம் உடலிற் சேமிப்பு உண்டு. இரைப்பையும் குடலும் முழுமையாய் இருக்கின்றன. ஒருநாட் பிழையை மறுநாள் உணவு ஈடுசெய்துவிடும். உடல் எடை குறைதற்பொருட்டு இரைப்பையை அறுவையாற் சுருக்கிக்கொண்டார் நிலையோ இத்தகையதன்று. அவர்க்குப் பிழை பொறுக்கும் இடம் மிகச் சிறிது. ஆகவே, அவர் யார் சொற்கேட்டு உண்கின்றார் என்பது, எம்மருத்துவர் கையால் அறுவை பெற்றார் என்பதற்கு இணையான வினாவாகின்றது.

இவ்வறுவை இந்நாளில் நம் நாட்டு நகரங்களிலும் நடைபெற்று வருகின்றது. நம் கல்லூரி மாணவர்தம் பெற்றோருள்ளும், ஆசிரியருள்ளும், பழைய மாணவருள்ளும் இதனை மேற்கொண்டாரும் மேற்கொள்ள எண்ணுவாரும் இருத்தல் கூடும். நோயாளியின் அருகிலிருந்து மருந்துச் சீட்டைப் படித்துப் பொருள் கூறுபவர் பல வீடுகளிற் கல்லூரி மாணவரே. அவர்க்குப் பயன்படுமென்னும் கருத்தாலேயே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது.

1. அறுவையின் இயல்பும் வரலாறும்

ஒருவரது எடையைக் கிலோகிராமிற் கண்டு, அதனை மீட்டரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடல் நிறைக் குறியீட்டெண் எனப்படும். 1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிலையங்கள் கூட்டிய அறிஞர் அவை, இவ்வெண் 40ஐ எட்டினார்க்கும், கடும் நோய்களோடு 35ஐ எட்டினார்க்கும் அறுவை தகுமென வகுத்தது. 2022ஆம் ஆண்டில் இத்துறை மருத்துவர் சங்கங்கள் இரண்டு கூடி அவ்வரம்பைத் திருத்தின. அதன்படி, வேறு நோய் இல்லாதவிடத்தும் 35 என்பது போதிய காரணமாயிற்று. ஆசிய மக்கட்கு 27.5 என்பதே வரம்பாகக் கூறப்பட்டது. நீரிழிவு முதலியன நம்மவரைக் குறைந்த எடையிலேயே பற்றுதல் இதற்குக் காரணம்.

இவ்வறுவைகளுள் மூத்தது இரைப்பையைத் தொட்டதன்று, குடலைத் தொட்டது. சிறுகுடலின் பெரும்பகுதியில் உணவு செல்லாதவாறு ஒதுக்கி, முதற் பகுதியையும் கடைப் பகுதியையும் இணைக்கும் முறையை அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிரெமன், லின்னர் முதலியோர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எடை விரைந்து குறைந்தது. ஆனால் பலர்க்குக் கல்லீரல் கெட்டது. சிறுநீரகத்திற் கற்கள் தோன்றின. சத்துக்குறை நோய்கள் மிகுந்தன. முடிவில் அம்முறையே கைவிடப்பட்டது. எடை குறைதல் வேறு, நலம் பெறுதல் வேறு என்னும் உண்மையை மருத்துவ உலகம் அவ்வாறு விலைகொடுத்துக் கற்றது. 1966ஆம் ஆண்டில் அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்டு மேசன் என்பார் இரைப்பையைப் பிரித்து மாற்றுவழி அமைக்கும் முறையைத் தொடங்கினார்.

இன்று பெருவழக்காயுள்ளவை இரண்டு. ஒன்று, இரைப்பையின் ஏறத்தாழ முக்காற்பங்கையோ அதனினும் சற்று மிகுதியையோ நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்குவது. மற்றொன்று, இரைப்பையின் மேற்புறத்தில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை அமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது. முன்னதில் உணவின் அளவு குறைகின்றது. பின்னதில் அளவு குறைவதோடு, இரும்பு, சுண்ணாம்புச்சத்து முதலியவற்றை ஈர்த்துக்கொள்ளும் முன்குடலையும் உணவு தொடாது கடந்துவிடுகின்றது. இரண்டனுள் எது செய்யப்பட்டதென்று அறியாதவர் கூறும் உணவு யோசனை, நோய் இன்னதென்று அறியாது கொடுக்கும் மருந்தையே ஒக்கும்.

2. பழைய நோயொன்றின் மீள்வரவு

அறுவை முடிந்து நான்காம் வாரத்தில் ஓர் அம்மையார் நாள்தோறும் பலமுறை வாந்தியெடுக்கின்றார் எனக் கொள்வோம். அண்டை வீட்டுப் பெண்மணி வந்து, “வயிறு சிறுத்தால் அப்படித்தான் இருக்கும், அக்கா, நாளடைவிற் சரியாகிவிடும், கஞ்சியிற் சிறிது சர்க்கரை இட்டுக் குடியுங்கள்” என்கின்றார். அன்பினாற் கூறிய சொல்லே, ஐயமில்லை. பத்து நாட் கழிகின்றன. அம்மையார்க்கு ஒரு பொருள் இரண்டாகத் தோன்றுகின்றது, நடை தள்ளாடுகின்றது, பேச்சிற் குழப்பம் காணப்படுகின்றது. வீட்டார் இதனைச் சோர்வு என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது மூளைக்கு நேர்ந்த ஆபத்து.

இதன் காரணம் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தின் குறைவே. நம் உடலில் அச்சத்து ஏறக்குறைய 30 மில்லிகிராம் அளவே சேமிப்பாய் உள்ளது. வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். அரிசியிலும் சர்க்கரையிலும் உள்ள மாப்பொருளை உடல் ஆற்றலாக மாற்றுதற்குத் தயமின் வேண்டும். ஆதலால், அச்சத்து வற்றிய உடலிற் கஞ்சியும் சர்க்கரையும் புகுங்கால், எஞ்சிய சிறிதும் செலவாகின்றது. தயமின் செலுத்தாது குளுக்கோஸ் நீரை மட்டும் நரம்பில் ஏற்றுதல் தீங்காகும் என்பதும் இதனாலேயே. காலத்தில் அறிந்து ஊசிவழித் தயமின் செலுத்தினால் நோயாளி தேறுவர். காலந் தாழ்த்தின் நினைவாற்றல் நிலையாகக் கெடுதலும், உயிரே நீங்குதலும் உண்டு.

இந்நோயை முதன்முதல் விரித்துரைத்தவர் கார்ல் வெர்னிக்கே என்னும் செருமானிய மருத்துவர். 1881ஆம் ஆண்டில் அவர் எழுதி வைத்த நோயாளர் மூவருள் இருவர் மிகுகுடியர். மற்றொருவர் கந்தக அமிலத்தை விழுங்கியதால் இரைப்பை கெட்டு, ஓயாது வாந்தியெடுத்த ஓர் இளம் தையற்காரி. அறுவை பெற்ற நம் அம்மையாரின் நிலைக்கு அத்தையற்காரியின் நிலை எத்துணை அணியது என்பதைக் கற்போர் உணர்வாராக.

இதே சத்தின் குறைவு வேறொரு வடிவிற் கை கால் நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும். அதனைப் பெரிபெரி என்பர். எய்க்மான் என்னும் ஒல்லாந்த மருத்துவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவிற் கோழிகட்குத் தீட்டிய அரிசியை இட்டு, அவை நரம்பு நோயால் வீழ்தலையும், தவிடு சேர்த்தவழித் தேறுதலையும் கண்டார். நம் நீலகிரியிலுள்ள கூனூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், 1918ஆம் ஆண்டிற் பெரிபெரி ஆராய்ச்சியை மக்காரிசன் தொடங்கினார். அவ்வாராய்ச்சி வளர்ந்து உணவாராய்ச்சி நிலையமாகி, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகின்றது. நெல்லைப் புழுக்கிப் பின் குத்தும் நம் வழக்கம், தவிட்டின் சத்தை அரிசிக்குள் இறக்கிப் பெரிபெரியைத் தடுத்தது என்பதும் ஆராய்ச்சியால் விளங்கிற்று. அங்ஙனம் நாம் வென்றதாக எண்ணிய நோய், இன்று அறுவைக்கூடத்தின் வாயில்வழி மீளக்கூடியதாய் உள்ளது. வாந்தி இரண்டொரு நாளைக்கு மேல் நீடிப்பின் வீட்டு மருத்துவம் செய்யாது, அறுவை செய்த மருத்துவமனைக்கே விரைதல் வேண்டும்.

3. மெதுவாய் வரும் குறைகள்

தயமின் வாரக்கணக்கில் வற்றுவது. பிற சத்துக்கள் ஆண்டுக்கணக்கில் வற்றுவன. பி12 உயிர்ச்சத்தைக் குடல் ஏற்றற்கு இரைப்பையிற் சுரக்கும் ஒரு துணைப்பொருள் இன்றியமையாதது. அறுவைக்குப்பின் அது குறைந்துவிடுகின்றது. ஆயினும், கல்லீரலில் முன்னரே சேர்ந்த பி12 சில ஆண்டுகட்குப் போதியதாய் இருத்தலின், குறை உடனே வெளிப்படுவதில்லை. எடை குறைந்து, உறவினர் பாராட்டி, நோயாளி தாம் முற்றும் குணமடைந்ததாக எண்ணி மருத்துவமனைக்குச் செல்லாது நிறுத்திய காலத்திலேயே கால்கள் மரத்துப்போதலும், இரத்தசோகையும், மறதியும் தலைகாட்டுகின்றன. தாவர உணவில் பி12 இயல்பாக இன்மையால், மரக்கறி உண்பார் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சோர்வுக்கென்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தாமே வாங்கி உண்டால், இரத்தசோகை மறைந்தும் நரம்புக்கேடு உள்ளே வளர்தல் கூடும்.

அமெரிக்க நாட்டு அறுவை மருத்துவர் கழகமொன்று 2016ஆம் ஆண்டிற் புதுக்கிய நெறியுரையின்படி, நாள்தோறும் தயமின் 12 மில்லிகிராமிற் குறையாமலும், பி12 வாய்வழி 350 முதல் 1000 மைக்ரோகிராம் வரையிலும், சுண்ணாம்புச்சத்து மேற்கூறிய இருவகை அறுவைக்கும் 1200 முதல் 1500 மில்லிகிராம் வரையிலும் வேண்டும். இரும்பு, மாதவிலக்குள்ள மகளிர்க்கும் மேற்கூறிய அறுவைகளைச் செய்துகொண்டார்க்கும் 45 முதல் 60 மில்லிகிராம் வரை கூறப்பட்டது. இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் ஒருங்கே விழுங்கின் ஒன்றையொன்று தடுக்கும்; இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காப்பியும் தேநீரும் இரும்பை ஏற்பதைக் குறைத்தலின் அவற்றோடும் மாத்திரையை உட்கொள்ளலாகாது. இவ்வளவுகளை ஈண்டுக் கூறியது, படிப்பவர் தாமே கடையில் வாங்குதற்கன்று. சாதாரண மாத்திரை ஒன்று போதுமென்று கூறுவார் சொல்லை அளந்து பார்த்தற்கே. ஒவ்வொருவர்க்கும் உரிய அளவை இரத்தப் பரிசோதனை கண்டு மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

இனிப் புரதத்தைக் காண்போம். அறுவை பெற்றார்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டுமென்பர். நம் உணவிற் கணக்கிடுவோம். முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம். பசும்பால் 200 மில்லிலிட்டரில் 6. துவரம்பருப்பு 30 கிராமைச் சமைத்தால் 6. இட்லி இரண்டில் 4. சிறுத்த இரைப்பையுடையார் நாள் முழுவதும் முயன்று இவை அனைத்தையும் உண்டாலும் வருவது 22 கிராமே. கஞ்சியிலும் இரசத்திலும் புரதம் மிகச் சிறிது. எனவே, முதலிற் பருப்பு, முட்டை, தயிர், மீன் முதலியவற்றையும், பின்னர்க் காய்களையும், இறுதியிலேயே சோற்றையும் உண்ணுதல் நெறியாயிற்று. சோற்றை நடுவணாக வைத்துப் பரிமாறும் நம் இலைமுறை ஈண்டுத் தலைகீழாகின்றது. அதனாலும் போதாதாயின், புரதப்பொடி இன்னது, இத்துணை என்பதனை உணவியலாரே வரையறுப்பர்.

புரதம் குறையின், உடல் தன் தசையையே கரைக்கும். பெண்டிர்க்கோ பொறுப்பு இன்னும் மிகுதி. அறுவைக்குப்பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரியாதிருத்தல் நன்றென்பது மருத்துவர் அறிவுரை. எடை விரைந்து குறையும் அக்காலத்திற் கருவுக்குரிய சத்தும் குறைபடுதல் கூடும் என்பதே இதன் காரணம்.

4. நம்பத்தக்க உணவியலாரை அறிதல்

பசித்தவன் எதிரே பந்தி பல விரித்தாற்போல, இந்நாளில் உணவு யோசனை கூறுவார் எங்கணும் மலிந்துள்ளனர். அவருள் தக்காரைத் தெரிந்தெடுத்தற்குச் சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது, அவர் விடை கூறுமுன் வினவுவார்: எவ்வகை அறுவை, எந்நாளிற் செய்யப்பட்டது, எடை எத்துணைக் குறைந்தது, வாந்தி உண்டா, என்னென்ன மருந்துகள் என்பனவற்றைக் கேளாது பட்டியல் நீட்டுபவர் தக்காரல்லர்.

இரண்டாவது, அவர் இரத்தப் பரிசோதனையின் முடிவுகளைப் பார்த்துப் பேசுவார். முதலாண்டிற் சில முறையும், பின்னர் ஆண்டுதோறும் அப்பரிசோதனை வேண்டும்.

மூன்றாவது, அவர் கல்வியும் பதிவும் உடையவராய் இருப்பார். பிரித்தானியாவில் உணவியலார் என்னும் பட்டத்திற்குரிய ஆங்கிலப் பெயரைப் பதிவு பெற்றாரன்றிப் பிறர் பூணுதல் சட்டப்படி குற்றம்; ஊட்டச்சத்து வல்லுநர் என்னும் பெயருக்கோ அவ்வரண் இல்லை. நம் நாட்டில் 1963ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய உணவியலார் சங்கம் தேர்வு நடத்திப் பதிவு வழங்கி வருகின்றது. 2021ஆம் ஆண்டின் நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டமும் உணவியலாரைத் தன் வரம்பிற் கொண்டது. பெயர்ப்பலகையைக் கண்டு மயங்காது, படிப்பு யாது, பதிவு எங்கே என்று கேட்டல் மரியாதைக் குறைவன்று.

நான்காவது, அவர் தம் யோசனையோடு தம் சரக்கையும் விற்பவராய் இரார். சான்றாக, அறுவைக்குப்பின் மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிற் பலர்க்குத் தலைமயிர் உதிர்கின்றது. விரைந்த எடைக்குறைவால் நேரும் இவ்வுதிர்வு பெரும்பாலும் தானே நிற்கும். நீடிப்பின் இரும்பு, துத்தநாகம், புரதம் ஆகியவற்றின் குறையை ஆராய்தல் வேண்டும். இதனைச் சொல்லி ஆறுதல் கூறுபவர் தக்கார். அச்சமூட்டி விலைமிக்க புட்டியை நீட்டுபவர் வணிகர்.

ஐந்தாவது, அவர் தனித்து நில்லாது அறுவை மருத்துவரோடும் பிறரோடும் கலந்து செயலாற்றுவார். அவர் துணை சில வாரங்களில் முடியாது. பிரித்தானியாவின் நலவாழ்வு நெறிமுறை நிலையம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட உரையில், அறுவை செய்த நிலையமே குறைந்தது இரண்டாண்டு நோயாளியைத் தொடர்ந்து காத்தல் வேண்டுமென்றும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையேனும் கண்காணிப்பு வேண்டுமென்றும் வற்புறுத்திற்று. ஆகவே, அறுவைக்கு உடன்படுமுன்னரே, “பின்னர் எம்மைக் கவனிப்பவர் யார்? எத்துணைக் காலம்? அதற்குக் கட்டணம் என்ன?” என்று மருத்துவமனையிற் கேட்டறிதல் அறிவுடைமையாகும்.

5. வீட்டாரின் துணை

உணவு நம் நாட்டில் அன்பின் அடையாளம். விருந்தினர் இலையில் ஒரு கரண்டி மிகுதியாய் இடாவிடின் நமக்கு மனம் நிறைவதில்லை. ஆனால் மாற்றுவழி அறுவை பெற்றார் திருமண வீட்டில் உற்றார் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பாயசத்தை அருந்தினால், சர்க்கரை விரைந்து குடலிற் பாய்ந்து, நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றுப்போக்குக் காணுதல் உண்டு. “ஒரு வாய்தானே” என்னும் சொல் அவர்க்கு அன்பாகாது. கையைக் கட்டிக்கொண்டிருப்பதே அன்பாகும்.

மற்றொரு துன்பமும் உண்டு. எடை மிகுந்தபோது ஏளனம் செய்த சுற்றத்தார், எடை குறைந்தபின், “முகம் வாடிவிட்டது, நோயாளி போல இருக்கின்றீர்” என்பர். உழைத்து ஒழுங்காய் இராது கத்தியை நாடினார் என்று பழிப்பாரும் உளர். உடற்பருமன் சோம்பலின் கூலியன்று. மரபு, சுரப்பு நீர்கள், சூழல் ஆகிய பலவற்றால் விளையும் நோய். இப்பழிச்சொற்கு அஞ்சியே பலர் அறுவையை மறைக்கின்றனர். மறைப்பதனால், வேறு மருத்துவரிடம் செல்லுங்காலும் அதனைக் கூறுவதில்லை. அம்மறைப்பு உயிர்க்கே உலை வைத்தல் கூடும் என்பதனை மேலே தயமின் பற்றிய பகுதியிற் கண்டோம். ஒரே வகை அறுவை பெற்றார் மாதமொருமுறை கூடித் தம் அனுபவங்களைப் பேசும் துணைக்குழுக்கள் இக்கூச்சத்தை நீக்குகின்றன. எனினும், ஒருவர்க்கு ஒத்தது மற்றவர்க்கு ஒவ்வாமையால், அக்குழுவை மன ஆறுதலுக்குக் கொள்க. மருந்தளவை உணவியலாரிடமே கொள்க.

மாணவ அன்பர்காள்! உங்கள் வீட்டில் இவ்வறுவை பெற்றார் ஒருவர் இருப்பாராயின், இன்று மாலையே ஒரு தாளில் நான்கு வரி எழுதி அவர்தம் பணப்பையில் வைத்திடுக: அறுவையின் பெயர்; அது நடந்த நாள்; நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள்; கடைசியாக இரத்தம் பரிசோதித்த நாள். அந்நான்காம் வரியில் எழுதற்கு நாள் ஏதும் நினைவுக்கு வாராதாயின், அல்லது அது ஓராண்டுக்கு முற்பட்டதாயின், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுக. அறுவை மருத்துவர் தம் கடமையை இரண்டொரு மணி நேரத்திற் செய்து முடித்தார். எஞ்சிய கடமை ஆண்டுதோறும் நினைவூட்டுவார் கையில் இருக்கின்றது. அதனை நீங்கள் செய்யலாம். அதற்குப் பட்டம் வேண்டுவதில்லை.